லைன் நல்ல லைன்தான், பெட்டிக்குத்தான் மூச்சு வாங்குகிறது

கேள்வி: அஞ்சல் துறையில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கும்பகோணத்தில் இருக்கிறேன். வீட்டில் 150 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த மகன், "பாதுகாப்புக்கு நல்லதுப்பா" என்று சொல்லி, எங்கள் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்று எதையோ ஏற்றி, அதிலேயே விபிஎன்னும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். சர்வர் 'இந்தியா' என்றுதான் இருக்கிறது. அன்றிலிருந்து டிவியில் படம் ஓடுவதைவிட வட்டம் சுற்றுவதுதான் அதிகம். லேப்டாப்பில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் காலை, மதியம், ராத்திரி எப்போது பார்த்தாலும் 12, 13-ஐத் தாண்டுவதில்லை. பிங் 76. ஃபைபர் பெட்டியில் லேப்டாப்பை நேராகக் கேபிளில் செருகினால் 142 வருகிறது, பிங் 9. வங்கித் தளம் சில நாள் உள்ளேயே விடுவதில்லை. இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா? மகனைக் கேட்டால் "அடுத்த லீவில் வந்து பார்க்கிறேன்" என்கிறான்.

பதில்: மாற வேண்டாம் ஐயா. 300 இல்லை, 1000 எம்பிபிஎஸ் திட்டம் போட்டாலும் உங்கள் டிவிக்கு வந்து சேரப்போவது அதே 12தான். மாதாமாதம் கூடுதல் பணம் கட்டிவிட்டு அதே வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி "நெட் ரொம்ப ஸ்லோ, என்ன செய்ய?" என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும். நீங்கள் நாலு எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். 142, 9, 12, 76. இந்த நாலை வைத்துக்கொண்டு கும்பகோணம் வராமலே கிட்டத்தட்ட முழு நோயையும் சொல்லிவிடலாம்.

முதலில் 142. ஃபைபர் பெட்டியிலிருந்து இது வருகிறது என்றால் தெருவிலிருந்து உங்கள் வீட்டுச் சுவர்வரை எல்லாம் சரி. அந்தக் கேபிளும் சரி. இதே இடத்தில் 94 என்று வந்திருந்தால் என் சந்தேகம் நேராகக் கேபிள் மேல் போயிருக்கும். உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியில் 4, 5, 7, 8 என்ற நாலில் ஏதாவது ஒன்று கிளிப்பில் சரியாக உட்காரவில்லை என்றால் இணைப்பு சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், கையில் கிடைப்பது 94, 95. நம் ஊரில் நாலு கம்பியை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

அடுத்தது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய "எப்போது பார்த்தாலும்" என்ற சொல். இந்தக் கடிதத்திலேயே எனக்கு அதிகம் உதவியது அதுதான். தெருவில் நெரிசல் என்றால் ராத்திரி எட்டு முதல் பதினொன்று வரை வேகம் சரிந்து, விடியற்காலையில் எழுந்து நிற்கும். விபிஎன் என்பது உங்கள் போக்குவரத்தைப் பூட்டி, அதை விற்கும் கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் முறை. அந்தக் கம்பெனியின் சர்வரில் கூட்டம் என்றால் ஒரு தடவை 60, ஒரு தடவை 8 என்று ஆடும். காலையிலும் ராத்திரியிலும் ஆணி அடித்த மாதிரி ஒரே எண் நிற்கிறது என்றால், நடுவில் ஏதோ ஒரு இயந்திரம் தன் முழு சக்தியையும் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் முடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த இயந்திரம் உங்கள் ஆர்ச்சர் சி7.

கெட்ட பெட்டி என்று சொல்லவில்லை. நல்ல பெட்டி, ரொம்ப வருடமாகப் பலர் வீட்டில் உழைத்துக்கொண்டிருக்கும் மாடல். ஆனால் அதற்குள் இருப்பது மிப்ஸ் ரகத்தைச் சேர்ந்த ஒற்றை கோர் புராசசர். எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்து 720 முதல் 775 மெகாஹெர்ட்ஸ் வரை வேகம். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனில் இதைவிடப் பல மடங்கு வேகமான கோர்கள் எட்டு இருக்கும்.

"அப்படியானால் விபிஎன் போடுவதற்கு முன் எப்படி நன்றாக ஓடியது?" என்று கேட்பீர்கள். உங்கள் துறையை வைத்தே சொல்கிறேன். சாதாரணத் தபாலில் சார்ட்டிங் செய்பவர் கவரின் மேல்புறத்தைப் பார்ப்பார், பின்கோடு பார்ப்பார், அந்தந்தப் பையில் போடுவார். ரவுட்டரும் அப்படித்தான். வருகிற ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரியை மட்டும் பார்த்து, மாற்றி எழுதி, தள்ளிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அதன் கவலை இல்லை. அதனால் சின்னப் புராசசரே போதும்.

விபிஎன் போட்டதும் வேலையே மாறிவிடுகிறது. ஒவ்வொரு கவரையும் எடுத்து, அதில் உள்ள எழுத்து ஒவ்வொன்றையும் ரகசிய எழுத்தாக மாற்றி, இன்னொரு கவருக்குள் போட்டு, அரக்கு வைத்து முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். இன்ஷூர்டு பார்சலுக்கு நீங்கள் செய்த வேலைதான். ஒரு நாளைக்கு இருபது வந்தால் நிதானமாகச் செய்யலாம். இங்கே 150 எம்பிபிஎஸ் முழுதாக ஓட வேண்டும் என்றால் நொடிக்குச் சுமார் 13,000 கவர். கவுன்ட்டரில் ஒரே ஆள்.

போதாததற்கு, உங்கள் மகன் போட்டிருப்பது ஓப்பன்விபிஎன்னாகத்தான் இருக்க வேண்டும். கடிதத்தில் சொல்லவில்லை என்றாலும் அந்த 12 சொல்கிறது. வயர்கார்டு என்ற இன்னொரு முறையாக இருந்தால் இதே பெட்டியில் இவ்வளவு கீழே போகாது. ஓப்பன்விபிஎன் 2001-ல் வந்தது. நம்பகமானது, ஆனால் அது வேலை செய்யும் இடம் வேறு. மகன் ஏற்றிய ஓப்பன்டபிள்யூஆர்டி, ரவுட்டருக்கான ஒரு லினக்ஸ் இயங்குதளம். அதில் பாக்கெட்டுகளைக் கடத்துவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், அதாவது சார்ட்டிங் ஹால். ஓப்பன்விபிஎன் உட்கார்ந்திருப்பது அடுத்த கட்டடத்தில். ஒவ்வொரு கவரையும் ஹாலிலிருந்து எடுத்துக்கொண்டு அங்கே ஓடி, சீல் வைத்து, திரும்ப ஹாலுக்குக் கொண்டுவந்து போட வேண்டும். சீல் வைக்கும் நேரத்துக்கு நிகராக இந்த நடையே தின்றுவிடும். 2023-ல் வந்த 2.6 பதிப்பில் சீல் வைக்கும் வேலையை ஹாலுக்குள்ளேயே செய்ய ஒரு வழி கொண்டுவந்தார்கள். ஆனால் ரவுட்டரும் எதிர்முனை சர்வரின் அமைப்பும் அதற்கு ஒத்து வர வேண்டும். பழைய வீட்டு ரவுட்டரில் அதை நம்பி உட்கார முடியாது.

இன்னொன்று, ஏஇஎஸ் என்ற பூட்டு. லேப்டாப் புராசசர்களில் அந்தப் பூட்டைப் போடுவதற்கென்றே தனிக் கட்டளைகள் சில்லிலேயே இருக்கின்றன. இன்டெல் 2010-லிருந்து கொடுக்கிறது. உங்கள் ரவுட்டரின் மிப்ஸ் சில்லில் அது கிடையாது. எல்லாம் கைக்கணக்குதான். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: ராஸ்ப்பெர்ரி பை 4 வாங்கி விபிஎன் பெட்டியாக்கலாம் என்று நினைப்பார்கள். அதிலும் ஏஇஎஸ் கட்டளைகள் இல்லை, பை 5-ல்தான் வந்தது.

இதையெல்லாம் நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியில் வழக்கமாக 192.168.1.1. உங்கள் ஃபைபர் பெட்டியும் அதே முகவரியில் இருந்தால் மகன் வேறு எண் கொடுத்திருப்பார், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் முதல் பக்கத்திலேயே லோட் ஆவரேஜ் என்று மூன்று எண் வரிசையாக இருக்கும். வீட்டில் யாரும் எதுவும் பார்க்காத நேரத்தில் முதல் எண் 0.10, 0.20 என்று கிடக்கும். இப்போது டிவியில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு, போனில் பெரிய ஃபைல் ஒன்றை டவுன்லோடு கொடுத்து, இரண்டு நிமிடம் கழித்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள். ஒற்றை கோர் பெட்டியில் 1.00 என்றாலே கையில் ஓய்வில்லை என்று பொருள். அதை ஒட்டியோ தாண்டியோ நின்றால் மூச்சு வாங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் வழக்கைத் தீர்க்கும் சோதனை வேறு. நீங்கள் ஃபைபர் பெட்டியில் நேராகச் செருகிப் பார்த்தது நல்ல வேலை, ஆனால் அதில் ஒரே நேரத்தில் இரண்டு மாறிவிட்டன: விபிஎன்னும் இல்லை, ரவுட்டரும் இல்லை. எது குற்றவாளி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதே ஃபைபர் பெட்டியில் லேப்டாப்பை நேராகச் செருகுங்கள். மகன் வாங்கிய விபிஎன் கணக்கின் ஆப்பை லேப்டாப்பில் நிறுவி, அதே 'இந்தியா' சர்வரைத் தேர்ந்தெடுத்து ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். இப்போது விபிஎன் இருக்கிறது, ரவுட்டர் இல்லை. 80, 100 என்று வந்தால் விபிஎன் கம்பெனி மேல் குற்றமில்லை, உங்கள் ரவுட்டர்தான். இங்கேயும் 15 என்றே நின்றால் நான் சொன்னது தவறு, சர்வர் பக்கம்தான் பார்க்க வேண்டும். என் பந்தயம் முதலாவதன் மேல்.

கேபிளில் செருகிப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வைஃபையில் சோதித்தால் இன்னொரு ஆளும் வழக்கில் சேர்ந்துவிடுவார். கரூரில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் இரண்டு நாள் விபிஎன் அமைப்பையே புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன், சோதனைக்கு வைத்திருந்த லேப்டாப் மட்டும் பக்கத்து அறைச் சுவர் தாண்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கூலியைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

இனி அந்த 76. இது வேறு கதை.

நேராகப் பார்த்தால் பிங் 9. கும்பகோணத்திலிருந்து சென்னை சர்வருக்குப் போய்த் திரும்ப 9 மில்லிசெகண்ட், சரிதான். விபிஎன்னில் 76. சர்வர் 'இந்தியா' என்று எழுதியிருக்கிறதே, இந்தியாவுக்குள் போய்வர எதற்கு 76?

சர்வர் இந்தியாவில் இல்லை, அதனால்தான். 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, இணையத்தில் அவருக்கு அடையாளமாகக் கொடுத்த ஐபி எண் முதலியவற்றை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று. பதிவே வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லி விற்கிற நிறுவனங்களுக்கு இது ஒத்துவரவில்லை. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை அந்த வருடமே இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. அதற்குப் பிறகு பல நிறுவனங்களின் பட்டியலில் 'இந்தியா' என்று இருப்பது பெயரளவு இந்தியா. ஐபி எண் இந்திய எண்ணாக இருக்கும். இயந்திரம் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும். உங்கள் மகன் எந்த நிறுவனத்தில் வாங்கினார் என்று தெரியாவிட்டாலும், அந்த 76 சிங்கப்பூரைத்தான் காட்டுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலுக்கடியில் 2002-லிருந்து ஓடும் ஐ2ஐ கேபிளின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு தடவை கடலைக் கடக்க 16 மில்லிசெகண்ட். உங்கள் வீட்டுக் கேள்வி சிங்கப்பூருக்குப் போகிறது, அது ஒன்று. அங்கிருந்து சென்னையில் இருக்கும் சோதனைச் சர்வருக்குத் திரும்பி வருகிறது, இரண்டு. பதில் மறுபடி சிங்கப்பூர், மூன்று. அங்கிருந்து உங்கள் வீடு, நாலு. நாலு பதினாறு 64. அதோடு உள்ளூர் ஓட்டம் 9. மிச்சம் இருக்கும் மூன்று உங்கள் ரவுட்டர் சீல் வைக்கும் நேரமும் நடுவழித் தாமதமும். எல்லாக் கணக்கும் இப்படி அழகாக விழாது. கும்பகோணத்தில் ரெஜிஸ்டர் செய்த தபால், சிங்கப்பூர் சுற்றி மயிலாடுதுறை போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிவிக்கு இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அதிகம் பேர் பார்க்கும் படங்களின் பிரதியை இன்டர்நெட் கம்பெனிகளின் கட்டடத்துக்குள்ளேயே தங்கள் பெட்டிகளை வைத்து அதில் போட்டு வைக்கின்றன. விபிஎன் இல்லாதபோது உங்கள் வீட்டம்மா பார்க்கும் படம் அநேகமாகச் சென்னையிலிருந்தோ, அதைவிடப் பக்கத்திலிருந்தோ வந்திருக்கும். இப்போது வாசலில் இருக்கும் கடையை விட்டுவிட்டு கடல் தாண்டி வாங்கி வருகிறீர்கள். வங்கித் தளம் உள்ளே விடாததும் இதன் பக்கவிளைவுதான். விபிஎன் நிறுவனங்களின் ஐபி எண்கள் ஆயிரக்கணக்கானோருக்குப் பொதுவாகப் போகின்றன. வங்கிகளும் ஓடிடி நிறுவனங்களும் அவற்றைப் பட்டியல் போட்டுத் தடுக்கின்றன. உங்கள் கணக்கில் ஒன்றும் ஆகிவிடவில்லை, பயப்பட வேண்டாம்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 12 என்ற எண்ணுக்குக் காரணம் ரவுட்டர். 76-க்குக் காரணம் தூரம். ரவுட்டரை மாற்றினால் 12 ஏறும், 76 அப்படியே இருக்கும். கடைக்காரர் இரண்டும் சரியாகும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? என் முதல் ஆலோசனை மகனுக்குப் பிடிக்காது: ரவுட்டரில் இருக்கும் விபிஎன்னை எடுத்துவிடுங்கள்.

பாதுகாப்புக்கு என்று போட்டார். எதிலிருந்து பாதுகாப்பு என்று கேட்க வேண்டும். வங்கித் தளம், மெயில், வாட்ஸ்அப் எல்லாம் உங்கள் போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ புறப்படும்போதே பூட்டித்தான் புறப்படுகின்றன. பிரவுசரில் எச்டிடிபிஎஸ் என்று வருவது அதுதான். இன்டர்நெட் கம்பெனிக்குத் தெரிவது நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது மட்டும், அங்கே என்ன செய்தீர்கள் என்பதல்ல. விபிஎன் போட்டால் அந்தத் தகவல் இங்கே இருப்பவருக்குத் தெரியாமல் விபிஎன் கம்பெனிக்குத் தெரியும். ஆள் மாறுகிறார், அவ்வளவுதான். வைரஸ் வருவதையும், "உங்கள் கேஒய்சி முடிந்துவிட்டது" என்று போன் செய்து ஓடிபி கேட்பவனையும் விபிஎன் தடுக்காது. உங்கள் வயதில் உள்ளவர்களுக்கு நிஜமான ஆபத்து அந்தப் போன் அழைப்புதான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்படிச் செய்வதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். தூரத்தில் இருக்கிற கவலை அது. குறை சொல்ல மனம் வராது. ஆனால் அந்தக் கவலையை ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவதிலும், ஓப்பன்டபிள்யூஆர்டியை அவ்வப்போது புதிய பதிப்புக்கு ஏற்றுவதிலும் காட்டினால் பலன் அதிகம். பொங்கலுக்கு ஏற்றியதை அதன் பிறகு யாராவது அப்டேட் செய்தீர்களா? செய்திருக்க மாட்டீர்கள்.

ரயில்வே ஸ்டேஷன், லாட்ஜ் வைஃபையில் இருக்கும்போது வேண்டுமானால் போனில் அந்த விபிஎன் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். சந்தா வீணாகாது. போன் புராசசருக்கு அது ஒரு சுமையே இல்லை.

"இல்லை, வீட்டிலும் வேண்டும்" என்று மகன் பிடிவாதமாக இருந்தால், அடுத்த வழி ஓப்பன்விபிஎன்னை எடுத்துவிட்டு அதே பெட்டியில் வயர்கார்டு போடுவது. இது சார்ட்டிங் ஹாலுக்குள்ளேயே உட்கார்ந்து சீல் வைக்கும் ஆள். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-லிருந்து கெர்னலின் பகுதியாகவே இருக்கிறது. அது பயன்படுத்தும் சாச்சா20 என்ற பூட்டு, ஏஇஎஸ் கட்டளை இல்லாத சாதாரணச் சில்லிலும் வேகமாக ஓடும். ஆர்ச்சர் சி7 போன்ற பெட்டிகளில் நான் பார்த்தவரை ஓப்பன்விபிஎன்னைவிட மூன்று நாலு மடங்கு கிடைக்கும். 150 வராது. நாற்பது, ஐம்பது வந்தாலே ஒரு டிவியில் 4கே படம் ஓடும்.

மகன் இங்கே வர வேண்டியதில்லை. உங்கள் லேப்டாப்பில் எனிடெஸ்க் போட்டு அங்கிருந்தே முடித்துவிடலாம். அவரிடம் கேட்டு மட்டும் போடுங்கள். முன்பின் தெரியாத யார் சொன்னாலும் அந்த ஆப்பைப் போடாதீர்கள். வயர்கார்டு போடும்போது எம்டியூ என்ற ஒரு எண்ணில் கவனம் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு கவரின் அதிகபட்ச அளவு அது. சாதாரணமாக 1500. உங்கள் ஃபைபர் பெட்டி பிபிபிஓஇ முறையில் லாகின் ஆனால், அதற்கே 8 பைட் போய் 1492. வயர்கார்டின் வெளிக்கவர் ஐபிவி4 என்றால் 60 பைட், ஐபிவி6 என்றால் 80. அதிகமானதைக் கழித்தால் 1412. தானாக வரும் 1420 பெரும்பாலும் ஓடிவிடும். வெளியே ஐபிவி6-ல் போனால்தான் எட்டு பைட் முட்டும். முட்டினால் வேகம் குறையாது, அதுதான் இதன் விஷமம். ஸ்பீடு டெஸ்ட் நன்றாக வரும், நாலு தளம் திறக்கும், ஐந்தாவது தளம் பாதி வந்து வெள்ளையாக நிற்கும். அப்படி ஒரு அறிகுறி பார்த்தால் 1412 போட்டு, ஃபயர்வால் பக்கத்தில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற கட்டத்தில் டிக் போடச் சொல்லுங்கள்.

இதோடு வீட்டையே விபிஎன்னுக்குள் தள்ளாமல், லேப்டாப் மட்டும் அந்த வழியே, டிவியும் போன்களும் நேர்வழியே என்று பிரித்துவிட முடியும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் அதற்குப் பிபிஆர் என்று ஒரு பேக்கேஜ் உண்டு. இதைச் செய்தால் டிவிக்குப் பழைய வேகமும் பக்கத்துக் கடைச் சரக்கும் திரும்பக் கிடைக்கும், மகனுக்கும் நிம்மதி.

புது ரவுட்டர்? அவசியம் இல்லை என்பேன். வாங்கியே தீருவது என்றால் பெட்டியில் ஏசி, ஏஎக்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் வைஃபை எண்ணைப் பார்க்காதீர்கள், அது காற்றில் போகும் வேகம். ஆர்ம் புராசசரா, எத்தனை கோர், வயர்கார்டு வேகம் என்று நிறுவனம் எழுத்தில் என்ன கொடுத்திருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கடைசி எண்ணை எழுதாத பெட்டி விபிஎன்னுக்காக வாங்கத் தக்கதல்ல. ஓப்பன்விபிஎன்னை டிசிபி முறையில் போட்டிருந்தால் யூடிபிக்கு மாற்றுவது, சாஃப்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங் என்பதை ஆன் செய்வது என்று யூடியூபில் நிறையச் சொல்வார்கள். முதலாவது சில இடங்களில் உதவும், ஆனால் 12 பதினாறு ஆகும், நூறு ஆகாது. இரண்டாவது விபிஎன்னுக்குள் போகிற போக்குவரத்துக்குக் கிட்டத்தட்ட உதவாது. சீல் வைக்க வேண்டிய கவரைக் குறுக்குவழியில் தள்ள முடியாதில்லையா.

நீங்களாகவே விபிஎன்னை நிறுத்திப் பார்க்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை. இப்படி அமைப்பவர்களில் பலர் கில் ஸ்விட்ச் என்று ஒன்றையும் சேர்த்துவிடுவார்கள். விபிஎன் அறுந்தால் ஒரு பாக்கெட்கூட நேர்வழியில் போகக் கூடாது என்று ஃபயர்வாலில் கதவைச் சாத்தி வைப்பது. அது இருந்தால் நீங்கள் விபிஎன்னை நிறுத்திய நொடியில் வீடு முழுக்க நெட் போய்விடும், மகனை வாட்ஸ்அப்பில் கூப்பிடக்கூட வழி இருக்காது. பதற வேண்டாம், ரவுட்டர் கெட்டுப்போகவில்லை. ஃபயர்வால் பக்கத்தில் லேன் (வீட்டுப் பக்கம்) என்ற வரியிலிருந்து எங்கெங்கே போகலாம் என்ற பட்டியலில் வேன் (WAN, இன்டர்நெட் பக்கம்) என்பதையும் சேர்த்தால் திறந்துகொள்ளும். போனில் மொபைல் டேட்டாவை ஆன் செய்து வைத்துக்கொண்டு, மகனுக்குக் காலை நேரமாக இருக்கும்போது, அதாவது நமக்குச் சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு மேல், அவர் லைனில் இருக்கையில் செய்யுங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் சிஸ்டம் மெனுவில் பேக்கப் என்ற பக்கத்துக்குப் போய் இப்போதிருக்கும் அமைப்பை ஒரு ஃபைலாக இறக்கி, பென்டிரைவில் போட்டு, தேதி எழுதி வைத்துவிடுங்கள். லேப்டாப்பில் விபிஎன் ஆப் போட்டு எடுத்த எண் என்ன வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். பந்தயத்தில் தோற்றேனா என்று தெரிய வேண்டும்.